கயிற்றை நிறுத்தி வை!



2006 ஜூலை 11 செவ்வாய்க்கிழமை மாலையை மும்பையில் வாழும் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. மேற்கு இரயில்வேயின் லோக்கல் வண்டிகளில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாகிம், பாந்த்ரா, கார் ரோடு, ஜோகேஸ்வரி, போரிவலி, மீரா ரோடு என்று வரிசையாக இழவு விழுந்தது. 180 பேருக்கு மேல் மாண்டார்கள். எண்ணூறு பேருக்கு மேல் காயம். மாகிமுக்கும் தாராவிக்கும் எவ்வளவு தூரம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரயில்வேயில் சம்பளம் வாங்குகிற நமக்கு அது சொந்த வீட்டுக் கூரையில் விழுந்த இடி. பிடிபட்டவனை நடுநாக்காவில் நிறுத்தித் தூக்கில் போட வேண்டும் என்று அன்று சொல்லாத வாய் இல்லை. நாமும் சொன்னோம். அதை மறைக்கப் போவதில்லை.

பதின்மூன்று பேர் மீது வழக்கு நடந்தது. 2015 செப்டம்பரில் தனி நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஐந்து பேருக்குத் தூக்கும் ஏழு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பத்தாண்டு கழித்து, 2025 ஜூலை 21 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பன்னிரண்டு பேர் மீதான தீர்ப்பையும் தள்ளிவிட்டது. அரசுத் தரப்பு குற்றத்தை மெய்ப்பிக்க முற்றிலும் தவறிவிட்டது என்றது. ஒப்புதல் வாக்குமூலங்கள் நம்பத் தகுந்தவை அல்ல, ஒன்றில் இருக்கும் பகுதி இன்னொன்றிலும் அப்படியே இருக்கிறது என்றது. தூக்கு விதிக்கப்பட்ட ஐவரில் ஒருவர் இதைக் கேட்க உயிரோடு இல்லை. 2021இலேயே சிறையில் கொரோனாவுக்கு இரையாகிவிட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை, ஆனால் அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 24இல் உத்தரவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் முடிவுக்கு நாம் ஆரூடம் சொல்லப் புகவில்லை. நம் கேள்வி வேறு. 2006இல் நாம் நாக்காவில் நின்று கேட்டது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் எவரையும் தூக்கிலிட முடியாது என்று சட்டம் இருக்கிறது. பத்தாண்டு இழுத்தடிப்பு என்று நாம் ஏசினோமே, அந்தத் தாமதம்தான் நான்கு பேரை உயிரோடு வெளியே கொண்டு வந்தது. நாம் போட்ட கூச்சல், மாகிமில் செத்தவனுக்கு ஒரு நியாயத்தையும் வாங்கித் தரவில்லை. பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகும் அவன் மனைவி, யார் வைத்த குண்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் பாக்கி இல்லை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தூக்கு நான்கு பேருக்கு மட்டுமே நிலைத்தது. அந்த நால்வரும் கூடக் கயிற்றுக்குப் போகவில்லை. மூவருக்கு 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2014இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. 2022இல் பேரறிவாளன் வீட்டுக்கு வந்தார். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நம் வாசகர்களிடையே இரண்டு கட்சி உண்டு, நமக்குத் தெரியும். இருபத்தாறுக்கும் நான்குக்கும் உள்ள கணக்கில் இரண்டு கட்சி இருக்க முடியாது.

இரயில்வேயில் ஒரு முறை உண்டு. கைகாட்டியின் கம்பி அறுந்தால், கை தானாக ‘நில்’ என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். விளக்கு சிக்னல் பழுதானாலும் அப்படித்தான். சிவப்பு விழ வேண்டும், பச்சை விழவே கூடாது. வண்டி நின்றால் பத்துப் பேர் திட்டுவார்கள், ஆபீசுக்கு லேட் ஆகும், அவ்வளவுதான். தவறாகப் பச்சை விழுந்தால் அதைத் திருத்த வழி இல்லை. ஐயம் வந்தால் நிறுத்து என்பது நூறு வருஷத்து விபத்துகளிலிருந்து கற்ற பாடம். மோரட்டோரியம் என்று உலகம் பேசுவதும் இதைத்தான். சட்டப் புத்தகத்தை இன்றே கிழிக்கச் சொல்லவில்லை, சிறைக் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. தண்டனை நிறைவேற்றுவதை மட்டும் நிறுத்தி வை என்கிறார்கள்.

இந்தக் கோரிக்கை ஐ.நா. பொதுச்சபைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1994இல் இத்தாலி முதலில் கொண்டு வந்தபோது எட்டு வாக்கில் தோற்றது. ரோமிலிருந்து ஒரு கிறித்துவப் பொதுமக்கள் அமைப்பு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியது. 2007இல் ஐம்பது இலட்சம் கையெழுத்துகள் ஐ.நா.வில் குவிந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று தீர்மானம் நிறைவேறிற்று. ஆதரவு 104, எதிர்ப்பு 54, நடுநிலை 29. அதன்பின் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒரு முறை அதே தீர்மானம் வந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 17இல் ஆதரவு 130, எதிர்ப்பு 32. எதிர்த்தவர்களின் வரிசை பாதிக்குப் பக்கமாகத் தேய்ந்துவிட்டது. இந்தத் தீர்மானம் எந்த அரசையும் சட்டப்படி கட்டாது என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு அரசும் தன் கையை உலகின் முன் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்தியாவின் கை எந்தப் பக்கம்? 2007 முதல் 2024 வரை பத்து முறை வாக்கெடுப்பு நடந்தது. பத்து முறையும் நம் அரசு எதிர்த்தே வாக்களித்தது. ஆட்சிகள் மாறின, வாக்கு மாறவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் சட்டத்தைத் தானே வகுக்கும் உரிமை உண்டு என்றும், அபூர்வத்திலும் அபூர்வமான வழக்குகளில்தான் இங்கே தூக்கு என்றும் காரணம் சொல்கிறார்கள். அந்தச் சொற்றொடர் 1980இல் பச்சன் சிங் வழக்கில் வந்தது. அன்று ஐந்து நீதிபதிகளில் பகவதி ஒருவர்தான் மாறி நின்றார். தூக்கு ஏழையின் கழுத்தைத் தேடித்தான் போகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தூக்குக் கைதிகளில் நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று கண்டார்கள். 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், பயங்கரவாதம், அரசுக்கு எதிரான போர் ஆகியவை நீங்கலாக மற்றக் குற்றங்களுக்குத் தூக்கை ஒழிக்கலாம் என்று அரசுக்கே எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கை அலமாரியில் தூங்குகிறது.

அபூர்வம் என்பது உண்மையானால் நிறுத்தி வைப்பதில் என்ன தடை? 2004 முதல் 2020 வரை இந்நாட்டில் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர். ஆனால் 2024 முடிவில் கொட்டடியில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல்.

இனி நாம் சொல்லப் போவதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் இராமேசுவரம் பகுதி மீனவர்கள் ஐந்து பேருக்குப் போதைப் பொருள் வழக்கில் மரண தண்டனை விதித்தது. தமிழ்நாடு கொதித்தது. இந்திய அரசு தலையிட்டது, மறுக்கவில்லை, பாராட்டுகிறோம். இலங்கையில் 1976க்குப் பிறகு எவரையும் தூக்கிலிட்டதில்லை. ஆகவே பேசுவதற்கு நேரம் இருந்தது. நவம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் மன்னிப்பில் ஐவரும் விடுதலையானார்கள். அதே வாரம் வெள்ளிக்கிழமை, நவம்பர் 21 அன்று, ஐ.நா. மூன்றாம் குழுவில் தூக்கை நிறுத்தி வைக்கும் தீர்மானம் வந்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது! புதன்கிழமை கொழும்பில் கெஞ்சிப் பெற்றதை வெள்ளிக்கிழமை நியூயார்க்கில் உலகத்துக்கு மறுத்தார்கள்.

கத்தாரில் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை. அரசு பாடுபட்டது, தண்டனை குறைந்தது, 2024 பிப்ரவரியில் விடுதலை. அந்த ஆண்டு டிசம்பரிலும் நம் வாக்கு எதிர்ப்புத்தான். எல்லாருக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து அபுதாபிக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு 2025 பிப்ரவரி 15இல் தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள். மகள் என்ன ஆனாள் என்று தந்தை டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மார்ச் 3 அன்று அங்கேதான் விடை கிடைத்தது. வளைகுடாவில் பிள்ளையை விட்டிருக்கும் வீடுகள் நம் சால்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கடல் தாண்டிப் போன நம் இனத்தார் கதையும் இதுவே. மலேசியத் தமிழ் இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம் 43 கிராமுக்கும் குறைவான ஹெராயினோடு 2009இல் சிங்கப்பூரில் பிடிபட்டார். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொல்லியும், 2022 ஏப்ரல் 27 விடியலில் தூக்கிலிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் மலேசியாவில் நடந்தது வேறு. 2018இல் தூக்கை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்த காலத்தில் ஆற அமர யோசித்தார்கள். 2023இல் கட்டாய மரண தண்டனையை எடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் மறு ஆய்வு கேட்கும் வழி பிறந்து, பல நூறு பேருக்குத் தூக்கு நீங்கியது. நிறுத்தி வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் ஜொகூர் பாலத்தின் இரு கரையையும் பார்க்கட்டும்.

அயலூரில் பிழைக்கப் போனவனுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நம் உறுப்பினர் ஒருவரின் தம்பி, நெல்லைச் சீமையிலிருந்து வந்து பதினோரு மாதம். தோல் பட்டறையில் வேலை. ஒரு கடைத் திருட்டில் அவனையும் சேர்த்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். நாம் விஷயம் தெரிந்து போவதற்குள் மராத்தியில் நான்கு பக்கப் பஞ்சநாமா தயார், அடியில் தமிழில் அவன் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்றோம். ‘போட்டா வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு சைகை காட்டினாங்கண்ணே’ என்றான். பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். வழக்கு நிற்கவில்லை, வெளியே வந்துவிட்டான். திருட்டு வழக்கு என்பதால் வந்தான். அதே தாள், அதே கையெழுத்து, கொலை வழக்கில் இருந்திருந்தால்?

செயற்குழுவில் இதை வைத்தபோது எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பாலர் பள்ளி நடத்தும் நம் சகோதரி ஒருவர், ‘மூணு வயசுப் பிள்ளையைச் சிதைச்சவனுக்கும் இதேதானாண்ணே?’ என்று கேட்டார். அவனுக்கும் இதேதான், உயிருள்ள வரை சிறை என்றோம். அவர் சமாதானம் ஆகவில்லை. அவரை வாயடைக்க நம்மிடம் வார்த்தையும் இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் முன் நின்று சட்டம் பேச நமக்கே நா எழாது. ஆனால் எந்தக் கயிறும் குற்றவாளியைத் தேடித் தானாகப் போவதில்லை. காவலர் காட்டுகிற கழுத்தில் விழுகிறது. காட்டுகிற விரல் தவறுகிறது என்பதை ஜூலை 21 நமக்குக் காட்டிவிட்டது. சகோதரி மனுவில் கையெழுத்திடவில்லை. சங்க வேலைகளில் அவர் முன்போலவே முன்னே நிற்கிறார்.

மனு எளியது. ஐ.நா.வில் தீர்மானம் அடுத்து வரும்போது இந்தியா அதை ஆதரிக்க வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால், எதிர்க்காமல் நடுநிலையாவது வகிக்க வேண்டும். பிரதமருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும், நம் தொகுதி மக்களவை உறுப்பினருக்கும் தனித்தனிப் படிகள். நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிக்காரர் எவராயினும் அவரிடமும் ஒரு படி கொடுத்து, உங்கள் கட்சி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதில் எதுவாயினும் இந்த ஏட்டில் அச்சிடுவோம்.

தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் தாள் அச்சாகி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மராத்தியரிடமும் பீகார்த் தோழரிடமும் காட்டிப் படிக்கச் சொல்லி வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்க்கு முழுவதையும் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது; இதில் கண்டிப்பாக இருக்கிறோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்கப் படிப்பகத்தில் தாள்கள் கிடைக்கும். ஷிப்டில் இருப்பவர்கள் வீட்டுப் பெண்களை அனுப்பலாம். நிரம்பிய தாள்களை மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் சேர்ப்பித்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் போகவும்.