ரயில் வந்த வீதி

ரயில் வந்தால் ஊர் செழிக்கும் என்பது நம் ஜனங்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய விரும்புவோர், நாகப்பட்டினத்தில் ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் வீதியின் சரித்திரத்தைச் சற்று ஆராய வேண்டும்.

கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே கம்பெனியார் 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கும், மறு வருஷம் திருச்சிராப்பள்ளிக்கும் பாதை போட்டனர். மாட்டு வண்டிகளில் நாட்கணக்கில் ஊர்ந்து வந்த நெல்லும் அரிசியும் சில மணி நேரத்தில் கடற்கரையை எட்டின. ரயில்வே தொழிற்சாலையும் நாகையில் ஏற்பட்டது. சம்பள நாள் கடைக்காரருக்குத் திருநாளாயிற்று.

ஆனால் அதே வீதி வழியாகத்தான் கூழுக்கும் வழியற்ற ஏழைகள் மலேயா தோட்டங்களுக்குக் கப்பலேறச் சென்றனர். அரிசியோடு ஆளும் ஏற்றுமதியாயிற்று! கம்பெனியின் முதலுக்கு 5 சதவிகித வட்டி உண்டென்று சர்க்கார் உத்தரவாதம் தந்திருந்தது. வருமானம் குறைந்தால் ஈடு செய்தது இந்தியக் குடிகளின் வரிப்பணம். லாபம் லண்டனுக்கு, நஷ்டம் நமக்கு.

பிறகு, 1928ஐ ஒட்டி, தொழிற்சாலை பொன்மலைக்குப் பெயர்க்கப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் அவ்வாண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தனர். அடக்குமுறை அதை முறித்தது. சிங்காரவேலர் சிறை புகுந்தார். தொழிலாளர் போனபின் வீதியில் கடைகள் எதை நம்பி நிற்கும்? வீதியை வளர்த்ததும் தளரவிட்டதும் ஒரே கையெழுத்துத்தான். அக்கையெழுத்துக்கு முன் ஊராரை எவரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை.

நாம் ரயிலுக்கு விரோதிகளல்லர். இரும்புப் பாதையில் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. அதை ஆளும் கை யாருடையது என்பதே கேள்வி. 1947இல் அன்னிய ஆட்சி நீங்கிற்று. ஊராரைக் கேளாமலே ஊரின் விதியை நிர்ணயிக்கும் வழக்கமும் உடன் நீங்கியதா? 2023இல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டபோது பழைய ஆசை மீண்டும் துளிர்த்தது. ஆசை நியாயமானதே. ஆனால் கப்பலும் ரயிலும் வரும் நாளை மட்டும் கேட்டுத் திருப்தியடையலாகாது. எத்தனை உள்ளூர்க் கைகளுக்கு வேலை, சரக்கில் எவ்வளவு நம் ஊரில் பக்குவமாகும், தீர்மானிக்கும் சபையில் ஊராருக்கு இடமுண்டா என்று கேட்க வேண்டும். தேச பக்தர்கள் இதனை இன்றே கேட்பார்களாக. கேளாத ஊருக்கு ரயில் வரும். வந்தவாறே போகவும் போகும்.