பழைய டெஸ்க்டொப்பை இரும்புக்குப் போடாதீங்கோ

எங்கட வீட்டு ஹோலில, தையல் மெசினுக்குப் பக்கத்தில, ஒரு டெஸ்க்டொப் துணி மூடிக் கிடந்தது. நாங்கள் ஓ/எல் படிக்கேக்க அம்மா சீட்டுக் காசில வாங்கித் தந்தது. நான்காம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடைசியாக ஒன் பண்ணினபோது விண்டோஸ் ஏறி முடிய தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வரலாம். பழைய இரும்பு எடுக்கிற ஐயா கேட் வாசலில கூப்பிட்டபோது கொடுத்துவிடத்தான் இருந்தோம்.

கொடுக்காததுக்குக் காரணம் அம்மம்மா.

அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களும் வீடியோக்களும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில இருந்தன. அது மேசையில இருந்து ஒருநாள் விழுந்தது. விழுந்த பிறகு டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. திருத்துகிற இடத்தில சொன்ன விலை எங்களால் கட்ட முடியாத விலை. கனடாவில இருக்கிற மச்சாளின் வாட்ஸ்அப்பில இருந்து நாப்பது படங்கள் வரையில் திரும்பக் கிடைத்தன. வாட்ஸ்அப் சுருக்கிப்போட்ட படங்கள். பெருப்பிச்சுப் பார்த்தால் அம்மம்மாவின் முகம் கலைந்துபோகும்.

எங்கட வீட்டுக்கு இது முதல் இழப்பும் இல்லை. 1995 இடம்பெயர்வில அம்மாவின் கலியாண அல்பம் வீட்டோடு போனது. இப்படிப் போன அல்பங்களைப் பற்றி வடக்கில அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அப்போது எடுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. இப்போது நாங்கள் ஒரேயொரு டிஸ்கில வைத்து, அதை மேசை ஓரத்தில வைத்துத் தொலைக்கிறோம். முதலாவதுக்கு எங்களைக் குற்றம் சொல்ல ஏலாது. இரண்டாவதுக்குச் சொல்லலாம்.

அதனால் எங்கட கருத்தை நேரடியாகவே சொல்லுறம். வீட்டில கிடக்கிற பழைய டெஸ்க்டொப்பைக் கொஞ்சம் திருத்தி, வீட்டுப் படங்கள், வீடியோக்கள், பாட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில இருக்கிற மீடியா சேர்வராக மாற்றுவது கொம்பியூட்டர் பைத்தியங்களின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. எங்கட தலைமுறை வீட்டுக்குச் செய்யக்கூடிய உருப்படியான வேலை அது.

"கூகிள் இருக்கே, பிறகு என்னத்துக்கு?" என்று கேட்பினம். கூகிள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாகச் சேமிக்கிறதை 2021 ஜூன் 1ஆம் திகதியோடு நிறுத்தியது. இப்போது ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. ஒரு கலியாண வீடியோவோடு அது நிறைந்துவிடும். அதற்குமேல் மாதாமாதம் கட்டவேணும். 2022இல் ரூபா விழுந்தபோது வெளிநாட்டுச் சந்தாக்கள் எப்படி ஏறின என்று நாங்கள் எல்லாரும் பார்த்தனாங்கள். மேகத்தில வைக்கவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே மட்டும் வைக்கவேண்டாம் என்கிறோம்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவம். சேர்வர் என்றதும் ஆக்கள் முதலில் கேட்பது "ப்ரொசசர் மாத்தவேணுமா?" என்றுதான். கடையிலும் அதைத்தான் முதலில் விற்கப் பார்ப்பினம். எங்கட அனுபவத்தில அது கடைசிக் கேள்வி. டிவிக்கு விளங்குகிற வடிவத்தில வீடியோ இருந்தால், சேர்வர் செய்கிற வேலை அந்தக் கோப்பை அப்படியே அனுப்புவது மட்டும்தான். அதுக்குப் பத்து வருசப் பழைய ஐ3 தாராளம். டிவிக்கு விளங்காத வடிவமாக இருந்தால்தான் அந்த நேரத்திலேயே மாற்றி அனுப்பவேண்டி வரும், அப்போதுதான் மெசின் மூச்சு வாங்கும். இன்டெல் நான்காம் தலைமுறைச் சிப்புகளில எச்.264 வீடியோவுக்குத் தனிப் பகுதி உண்டு, எச்.265க்கு இல்லை. ஆகவே வீட்டு வீடியோக்களை முதலிலேயே எச்.264 ஆகச் சேமித்துவிட்டால் பிரச்சினை பாதி முடிந்தது. புது ப்ரொசசருக்குப் போகிற காசு மிச்சம்.

நாங்கள் காசு போட்ட ஒழுங்கு வேறு. முதலாவது, ஒரு சின்ன எஸ்எஸ்டி. 120 ஜிபி காணும், இயங்குதளத்துக்கு மட்டும்தானே. அதைப் போட்ட அன்றைக்கே மெசின் வேறு மெசின் ஆகிவிட்டது. இரண்டாவது, படங்களுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க். புதுசாகத்தான் வாங்கினோம். மற்றதெல்லாம் பாவிச்சதாக இருக்கலாம், ஞாபகங்களை வைக்கிற டிஸ்க் மட்டும் பாவிச்சதாக இருக்கக்கூடாது. மூன்றாவது, இன்னொரு 4 ஜிபி ராம். பழைய டிடிஆர்3 ராம், பாவிச்சது, மலிவாகக் கிடைத்தது. நான்காவது, பவர் சப்ளை. மலிவுப் பெட்டிகளில எல்லாரும் மறந்துபோகிற சாமான் இதுதான். பெயர் ஊர் தெரியாத ஒரு பவர் சப்ளை எரிந்தால் தான் மட்டும் எரியாது, டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். அதோடு ஒரு சின்ன யூபிஎஸ். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலக் கரண்ட் கட் பார்த்த நாட்டில அது ஆடம்பரம் இல்லை. எழுதிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போனால் கோப்பு பழுதாகும். யூபிஎஸ் படம் பார்க்கத் தேவையில்லை, மெசினை ஒழுங்காக நிப்பாட்டப் பத்து நிமிசம் தந்தால் போதும்.

கடைசியாக ஒரு வயர். ரவுட்டருக்கும் சேர்வருக்கும் இடையில வைஃபையை நம்பாமல் லான் கேபிள் இழுத்தோம். ரவுட்டரின் துளை 100 எம்பிபிஎஸ்ஸா ஆயிரமா என்று பாருங்கோ. 40 ஜிபி படங்களை ஏற்ற முதலாவதில ஒரு மணித்தியாலம் போகும், இரண்டாவதில ஆறேழு நிமிசம்.

மென்பொருளுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 இந்த மெசினை ஏற்றுக்கொள்ளாது. அதனால் டெபியன் லினக்ஸ் போட்டோம். அதற்கு மேல ஜெலிஃபின். எம்பி என்ற மென்பொருள் 2018இல் தன் மூலநிரலை மூடியபோது, அதுக்கு உடன்படாத ஆக்கள் பிரித்தெடுத்து வளர்த்தது ஜெலிஃபின். இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை, இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள்ளே வேலை செய்யும். பிளெக்ஸ் இன்னும் வடிவாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டுக்கு வெளியில இருந்து பார்க்க 2025இல இருந்து காசு கேட்கிறது. இலவசம் என்று பழக்கிவிட்டுப் பிறகு விலை வைக்கிற கதை எங்களுக்குப் புதுசு இல்லை.

எதிர்த்துச் சொல்லக்கூடியதையும் சொல்லவேணும். கரண்ட். இப்படியான மெசின் சும்மா இருக்கேக்க 40 வோட்ஸ் எடுக்குது என்று வைத்தால், நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 29 யூனிட். யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுகிற எங்கட பில்லில அது அம்மாவின் கண்ணுக்குக் கட்டாயம் தெரியும். தெரிந்தது, ஏச்சும் விழுந்தது. இப்போது பின்னேரம் ஐந்து மணித்தியாலம்தான் ஓடுது, அது மாதம் 6 யூனிட். சேர்வர் என்றால் 24 மணித்தியாலமும் ஓடவேணும் என்று ஒரு சட்டமும் இல்லை.

இன்னொன்று, களவுப் படம். மீடியா சேர்வர் என்றால் இறக்கின சினிமாவை நிரப்பி வைக்கிற பெட்டி என்றுதான் பெடியள் நினைக்கினம். அந்தப் படங்கள் உலகத்தில ஆயிரம் இடத்தில இருக்கு. உங்கட அம்மப்பா புதுவருசத்துக்குப் போர்த்தேங்காய் அடிக்கிற வீடியோ உங்கட வீட்டில மட்டும்தான் இருக்கு. டிஸ்கில இடம் குறைவு என்றால் எதை முதலில ஏற்றுவது என்று யோசியுங்கோ.

அந்த வீடியோக்களுக்கு நேரமும் இல்லை. சண்டைக்காலத்தில ஜெனரேட்டரும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊரே விடிய விடியப் படம் பார்த்த கதையைப் பெரியாக்கள் சொல்லுவினம். அந்த டெக் இப்போது எங்கே? வீஎச்எஸ் பிளேயர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில அதை நிறுத்தியது. கசட்டில பூஞ்சணம் ஏறுது. ஒரு மணித்தியாலக் கசட்டைக் கொம்பியூட்டருக்கு மாற்ற ஒரு மணித்தியாலம் கட்டாயம் வேணும், குறுக்கு வழி இல்லை. நாங்கள் ஒரு சொந்தக்காரரிட்ட டெக்கை இரவல் வாங்கி, யூஎஸ்பியில செருகுகிற ஒரு சின்னக் கருவியால், சனி ஞாயிறுகளில ஒன்பது கசட் மாற்றினோம். பத்தாவது டெக்குக்குள்ளே சிக்கி அறுந்தது. பெரியம்மாவின் சாமத்திய வீடு. அதை அவவுக்குச் சொல்ல எங்களுக்கு இரண்டு கிழமை எடுத்தது.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறம். சேர்வர் வைத்தால் எல்லாம் பத்திரம் என்று நினைத்தால், மேசை ஓர டிஸ்குக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு டிஸ்கை ஒரே பெட்டிக்குள்ளே ஒன்றுக்கொன்று நகலாக ஓடவிட்டாலும், பிழையாக அழித்தால் இரண்டிலும் அழியும், இடி விழுந்தால் இரண்டும் போகும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில. இதுதான் பழைய விதி. எங்கட மூன்றாவது நகல் சித்தி வீட்டு அலுமாரிக்குள்ளே ஒரு டிஸ்கில இருக்கு. ஆறு மாதத்துக்கு ஒருக்கா போய் எடுத்து, புதுசுகளை ஏற்றி, திரும்பக் கொடுத்து, சோறும் சாப்பிட்டு வருவம்.

1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, வேறு எங்கேயும் நகல் இல்லாத ஏடுகளும் அதோடு போயின. 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில காப்பாற்றி வருது. ஆனால் உங்கட வீட்டுக் கசட்டுகளை அவையள் வந்து தேடமாட்டினம், அது எங்கட பொறுப்பு.

போன கிழமை அம்மா, தன்ர கலியாண வீடியோவை டிவியில பார்த்தா. அல்பம் போனாலும், கொழும்பில இருந்த மாமாவிட்ட ஒரு கசட் தப்பியிருந்தது. சபைக்குள்ளே அம்மம்மா நடந்து போகேக்க நிப்பாட்டச் சொன்னா. "உங்க பார், அந்தச் சீலை, அது இப்பவும் என்னட்ட இருக்கு" என்று எழும்பி அலுமாரிக்குப் போனா. நாங்கள் படத்தை அப்படியே நிப்பாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

வாற கிழமை உங்கட வீட்டில ஒன்று செய்யுங்கோ. எத்தனை கசட், எத்தனை சீடி, எத்தனை பழைய போன், யார் யாரிட்ட இருக்கு என்று ஒரு கொப்பியில எழுதுங்கோ. பெட்டியைப் பிறகு திருத்தலாம்.