கடலுக்குப் போனால் வீணா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆந்திரத்துக் கார்வேட்டிநகரத்தை அடுத்த கிருஷ்ணாபுரம் அணை நிரம்பி மதகு திறந்தால், எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்கும். பின்னாலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரியும் நிரம்பும். உடனே ஒப்பாரி தொடங்கிவிடும்: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே! டீக்கடை முதல் சட்டமன்றம் வரை இதை மறுத்துப் பேச ஆளில்லை.

இந்தத் தண்ணீர் ஓடும் கொசஸ்தலை ஆற்றைப் பொறுத்தவரை இது பொய். சென்னைக்கு வசதியான பொய்.

1944-இல் பூண்டியில் அணை எழுந்தது. நகரம் பெருத்தது, அணை நீர் போதவில்லை. 1960-களின் இறுதியிலிருந்து ஆற்றின் கீழ்ப்படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். விவசாயியின் மோட்டாரோடு நகரத்தின் மோட்டாரும் சேர்ந்து ஓடியது. மேலிருந்து வரத்து குறைந்தும், கீழே உறிஞ்சுவது நிற்கவில்லை. நிலத்தடியில் நன்னீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் வந்தது. மீஞ்சூர் வட்டாரத்தில் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிணறுகள் உப்புக் கரித்தன. அதுவரை கடலைத் தள்ளி நிறுத்தியிருந்தது, ஆறு ஓடி ஓடி ஊறவைத்த தண்ணீர்தான். எண்ணூர் முகத்துவாரத்து மீனவரைக் கேளுங்கள், ஆற்று நீர் வந்து கலக்காவிட்டால் இறால் என்ன ஆகும் என்று சொல்வார்.

அடுத்த கூத்து 2010-இல். அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை. ஆற்று நீர் கடலுக்குப் போனால் வீண். மின்சாரம் செலவழித்து அதே கடலிலிருந்து எடுத்தால் வளர்ச்சி!

இடையில் 1983-இல் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் போட்டு, 1996-இல் அது பூண்டிக்கு வந்தது. திருப்பதியும் சளைத்ததல்ல, பக்கத்திலேயே கல்யாணி அணை இருக்க, அதுவும் அதே கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்திடம் கையேந்துகிறது. சொந்த ஆற்றைத் தின்று முடித்த நகரங்கள் அடுத்த ஆற்றின் வாசலில் நிற்கின்றன.

"2019 கோடையில் சென்னையில் காலிக் குடத்தோடு அலைந்தோமே?" என்பார்கள். அலைந்தது உண்மை. 2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதும் உண்மை. அப்படிப்பட்ட ஆண்டில் தாங்கிப்பிடிக்க வேண்டியவை ஆற்று மணலும் ஏரிகளும். மணல் அடுக்குமாடிகளுக்கு லாரி ஏறியது, ஏரிகள் பல மனைகளாயின. முந்தைய வெள்ளம் கடலுக்குப் போனதையா குற்றம் சொல்வது?

கடலுக்குப் போகும் வழியையும் இந்த நகரம் விட்டுவைக்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தை அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்புகளும் நெரித்தன. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த வாரம் அங்கே யாரும் "ஐயோ, கடலுக்குப் போகிறதே" என்று அழவில்லை. சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்றுதான் காத்திருந்தார்கள்.

அடுத்த முறை கிருஷ்ணாபுரத்தில் மதகு திறக்கும்போது, கடலில் எத்தனை டி.எம்.சி. கலந்தது என்ற கணக்கோடு செய்தியாளர்கள் நிறுத்திவிட வேண்டாம். வழியில் எத்தனை ஏரிகளுக்குத் தண்ணீர் போனது, மீஞ்சூர்க் கிணறுகளில் உப்பு எவ்வளவு குறைந்தது என்றும் கேட்டு எழுதட்டும்.