தம்மைச் சேர்த்து எண்ணாத சீடர்கள்

திரையில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. அடுத்த நிமிடமே நம் ரசிகப் பெருமக்கள் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கொன்றவன் மாமனா, காதலனா, அந்த வாய்பேசாத கடைக்காரனா? மூன்றாம் பகுதியில் ஒரு கணம் காட்டப்பட்ட கைக்கடிகாரத்துக்கு என்ன பொருள்? அடுத்த சாவு யாருடையது? இந்த ஊகங்களுக்குத் 'தியரி' என்று பெயரும் சூட்டியாயிற்று. தேநீர்க்கடைப் பெஞ்சிலும் கல்லூரி விடுதியிலும் இதே பேச்சுத்தான். இத்தனை கேள்விகளுக்கு நடுவே ஒரு கேள்விக்கு மட்டும் இடமில்லை: இறந்து கிடப்பவள் யார்?

இந்தப் பழக்கத்துக்கு எதிராகச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும் என்று கருதுகிறோம். துப்பறியும் கதையைத் தீண்டத்தகாததாகக் கருதும் இலக்கியத் தூய்மைவாதம் எங்களுக்கு உடன்பாடானதல்ல. சின்னத்திரையில் 1990களில் 'மர்மதேசம்' ஓடியபோது வாரம் முழுவதும் கறுப்பு யார் என்று பேசிக் களித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள்தாம் நாங்களும். ஆகவே இது வெளியிலிருந்து எறியப்படும் கல் அல்ல.

'சுழல்' தொடரை எடுத்துக்கொள்வோம். புஷ்கர் - காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022 ஜூனில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. சிமெண்ட் ஆலையில் வேலைநிறுத்தம். அன்றிரவு ஆலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். பிறகு அவளும் அவள் நேசித்த பையனும் பிணங்களாகக் கிடைக்கிறார்கள். விசாரணை எங்கெங்கோ அலைந்து கடைசியில் நிலாவின் வீட்டு வாசலுக்கே திரும்புகிறது. அந்தக் குழந்தையையும் அதற்கு முன் அவள் அக்காவையும் சிதைத்தவன் அவர்கள் வீட்டு மனிதனே.

இதைப் பார்த்து முடித்தவர்கள் பேசியது என்ன? "இரண்டாம் எபிசோடிலேயே அவன்மேல் எனக்குச் சந்தேகம்" என்றார் ஒருவர். "நான் முதல் எபிசோடிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்றார் இன்னொருவர். ஒரு குழந்தை ஆண்டுக்கணக்காக வாய்திறக்க முடியாமல் கிடந்த வீட்டுக்குள் போய் இவர்கள் எடுத்து வந்தது ஒரு வெற்றிக்கோப்பை. அதிலும் யாருடையது பெரிது என்று போட்டி.

இன்னும் ஒன்று. திரையில் எதைத் 'திருப்பம்' என்று வியந்தார்களோ அது வாழ்க்கையில் திருப்பமே அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைத் திருப்பிப் பாருங்கள். பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர், பழகியவர். முன்பின் அறியாத அந்நியனே விதிவிலக்கு. 'சுழல்' சொல்ல வந்தது இந்தச் சாதாரணத்தின் கொடூரத்தை. தியரிக்காரர்களோ அதை அசாதாரணமாக்கி, 'எதிர்பாராத முடிவு' என்று மதிப்பெண் போட்டார்கள். எதிர்பார்த்திருக்க வேண்டிய முடிவு அது என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

எரிந்துபோன அந்த ஆலைக்கு என்ன கதி என்று கேட்டவர்களும் அரிது. அரியலூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் லாரிப் புழுதியுமாக வாழும் மாவட்டம் இது. அரசின் சிமெண்ட் ஆலையே இங்கு 1979 முதல் ஓடுகிறது. ஓர் ஆலை ஓரிரவில் சாம்பலானால் மறுநாள் காலை எத்தனை வீட்டு அடுப்புகள் அணையும் என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தியரிக்காரருக்கோ அந்தத் தீ ஒரு 'க்ளூ'. தடயமாகப் பயன்படாத எந்தத் துயரமும் அவர் கண்ணில் படுவதில்லை.

அதே 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் 'வதந்தி' வந்தது. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல். முதலில் பிரபல நடிகை கொலை என்று செய்தி பறக்கிறது. நடிகை உயிரோடு இருக்கிறார். இறந்தவள் வெலோனி என்ற பெண். பிறகு ஊர் பேசுகிறது, பத்திரிகை பேசுகிறது, ஓர் எழுத்தாளர் அவளை வைத்து நாவலே எழுதிவிடுகிறார். அத்தனை கதைகளும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அவள் 'எப்படிப்பட்டவள்'. தலைப்பிலேயே இயக்குநர் சொல்லிவிட்டார், இது வதந்தியைப் பற்றிய கதை என்று. அப்படியும் பார்த்தவர்களில் பலர் தொடரின் ஊர்க்காரர்கள் செய்ததையே திரைக்கு வெளியே செய்தார்கள். அவளுக்கு எத்தனை காதலர்கள், அவள் சிரிப்புக்கு என்ன அர்த்தம், எங்கே தப்பு செய்தாள் என்று. கண்ணாடியைக் காட்டினால் அதில் தெரிவது பக்கத்துவீட்டுக்காரன் முகம் என்று நினைப்பவர்களை என்ன செய்வது?

இது வெறும் ரசனைக் குறைபாடு என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவில் ஓர் உட்கூறு இருந்தது. வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்க அது இடம் கொடுத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நீக்கியது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அவருடைய அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மெதுவாகவேனும் நகர்ந்து வந்துவிட்ட இடத்துக்கு ரசிகர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வெலோனியின் ஒழுக்கத்தைத் துருவிப் பழகிய நாக்கு, நாளை செய்தித்தாளில் வரும் நிஜப் பெண்ணின் பெயரிலும் அதே வேலையைத்தான் செய்யும். நாக்குக்குக் கற்பனை, நிஜம் என்ற பேதம் தெரியாது. நிஜக் கொலைகள் நடக்கும்போதெல்லாம் காவல்துறைக்கு முன்பாகவே 'உண்மைக் காரணம்' கைப்பேசிகளில் வலம் வருவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இதற்குத் துணைநிற்கும் இன்னொரு நோய் 'ஸ்பாய்லர்' என்ற புதுத் தீட்டு. முடிவை வாய்விட்டுச் சொல்பவன் பெருங்குற்றவாளி. இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். முடிவைப் பேசக் கூடாது என்றால் அந்தப் படைப்பின் அறத்தைப் பேச முடியாது. நிலாவின் வீட்டைப் பற்றிப் பேசாமல் 'சுழலை'ப் பற்றி எதைப் பேசுவது? பொதுவெளியில் அனுமதிக்கப்பட்ட ஒரே பேச்சு ஊகம் மட்டுமே என்றாகிறது. விமர்சனத்தின் வாயைக் கட்டிவிட்டு விடுகதைக்கு மாலை போடுகிறார்கள்.

தமிழ் மரபில் இப்படியொரு அச்சம் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தை விடச் சிறந்த குற்றக் கதை நம்மிடம் ஏது? களவுபோன சிலம்பு, பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத தண்டனை, பிறகு அவையில் உடைத்துக் காட்டப்படும் சான்று. அத்தனையும் உண்டு. ஆனால் அதன் பதிகமே கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் முன்னரே சொல்லிவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகுதான் புகார்க் காண்டத்தின் மகிழ்ச்சி ஒவ்வொன்றும் நெஞ்சைப் பிசைகிறது. தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்க்க விடியவிடிய உட்கார்ந்திருப்பவர்களில் கர்ணன் சாவான் என்று அறியாதவர் எவர்? தெரிந்தேதான் வருகிறார்கள், தெரிந்தேதான் அழுகிறார்கள். அங்கே சாவு ஒரு தகவல் அல்ல, ஒரு சடங்கு. கூடியிருந்து சுமக்க வேண்டிய பாரம்.

விடை கிடைத்ததும் கலைந்துபோகும் கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' 1990 ஏப்ரலில் தொடங்கியது. லாரா பால்மரைக் கொன்றது யார் என்று நாடே கேட்டது. படைப்பாளிகளுக்கு விடையைச் சொல்ல அவசரமில்லை. தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது. 1990 நவம்பரில் கொலையாளி வெளிப்பட்டான். அங்கும் குற்றம் வீட்டுக்குள்தான் இருந்தது. அதன்பின் பார்வையாளர்கள் கலைந்தார்கள், 1991ல் தொடர் நின்றது. லிஞ்ச் 1992ல் மீண்டும் வந்து ஒரு படம் எடுத்தார். அதில் லாரா பிணமல்ல. உயிரோடு, பயத்தோடு, தன் கடைசி ஏழு நாட்களை வாழ்பவள். விடுகதைக்காகவே வந்தவர்களுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. அவர்கள் தூக்கிப் போட்டுவிட்டுப் போன பெண்ணை இயக்குநர் திரும்ப எழுப்பி உட்காரவைத்தார். கலை செய்ய வேண்டிய வேலை அது.

"வேலை முடிந்து வந்து பொழுதுபோக்குக்காகப் பார்க்கிறோம், இதற்கும் வகுப்பெடுக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பொழுதுபோக்குங்கள். ஊகியுங்கள். ஊகிப்பதும் ஒருவகை வாசிப்பே; கவனமில்லாதவன் ஊகிக்க மாட்டான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைத் தீர்த்துச் சொல்லாமலே போனார். அன்று தொடங்கிய வழக்கு இன்றும் முடியவில்லை. ஆனால் அந்த வழக்கு வாசகர்களை எங்கே கொண்டுபோயிற்று? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டுக்கு. அங்கே ரவிதாசன் முதலான துரோகிகளின் பெயர்களும் அவர்கள் நிலம் பறிக்கப்பட்ட செய்தியும் இராசராசன் காலத்துக் கல்லில் இருக்கின்றன. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டதும், சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்ததும் வாசகர்களின் பேச்சுக்குள் வந்தன. சான்றின் முன் தலைகுனிய அணியமாக இருக்கும் ஊகம் அது. இறந்த இளவரசனின் காலத்தை அறியவைத்த ஊகம். நாங்கள் எதிர்ப்பது மற்றதை. இறந்தவரை மறப்பதற்கு வழி செய்யும் ஊகத்தை.

ஏலாக்குறிச்சிக்கு வருவோம். கொள்ளிடக் கரையின் இவ்வூரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, இவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடிய வீரமாமுனிவர்தாம் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். 1822ல் அது ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி ஆள் சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு தலை குறைகிறது. ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று கூடி அழுகிறார்கள். தமிழ் உரைநடையின் தொடக்கத்திலேயே, நடக்காத சாவுக்கு ஒரு தியரி! கதையின் முடிவோ சிரிப்பைக் கடந்தது. மரண அறிகுறி இன்னது என்று ஒருவன் சொன்ன குறியைச் சீடர்கள் வேதமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். குறி தென்பட்டதும் உயிரோடிருக்கும் குருவையே இறந்தவராக முடிவுகட்டிச் சடங்கில் இறங்குகிறார்கள். அந்தச் சடங்கே அவரைக் கொல்கிறது.

இரண்டு மடமைகளும் இன்று அப்படியே இருக்கின்றன. குறியை நம்பி மனிதரைப் பார்க்கத் தவறுவது ஒன்று. கூட்டத்தை எண்ணும்போது தன்னை விட்டுவிடுவது மற்றது. சாம்பலூரில் யார் யாருக்குத் தெரிந்திருந்தது, யார் யார் வாய்மூடி இருந்தார்கள் என்று தியரிக்காரர் விரல்விட்டு எண்ணுகிறார். தன் தெருவில், தன் வீட்டு விசேஷங்களில், எந்தக் குழந்தை எந்த உறவினரைக் கண்டால் ஒதுங்குகிறது என்பதை எண்ணுவதில்லை. வெலோனியைப் பற்றி வதந்தி பரப்பியவர்களின் பட்டியலில் தன் பெயரைச் சேர்ப்பதில்லை. ஒரு தலை எப்போதும் குறைகிறது.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. அடுத்த தொடர் வரும், அதிலும் ஒரு பெண்ணோ பையனோ செத்துக் கிடப்பார்கள். கொன்றவர் யார் என்று ஊகிக்கும் முன் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். அவர் எதற்கு ஆசைப்பட்டார், யாரிடம் சொல்ல முயன்றார், யார் காதில் அது விழவில்லை என்று பேசுங்கள். முடிவை மறைக்காமல் பேசுங்கள். அப்படிப் பேசினால் தொடர் எடுப்பவர்களும் அதற்கேற்ற தொடரை எடுத்தே ஆகவேண்டி வரும். விடுகதை போதும் என்று கைதட்டுகிறவர்களுக்கு விடுகதைதான் கிடைக்கும்.