பொருந்தாத படமும் பொய்ச் சாட்சியும்

காணி வழக்குகளில் பழகியோர் ஓர் உண்மையை நன்கறிவர். நில அளவையாளர் இருவர் வரைந்த இரு படங்களும் தனித்தனியே சரியானவையாக இருக்கலாம். ஆயினும், ஒன்றன்மேல் ஒன்றை வைக்கும்போது அரை முழம் விலகிவிடின், ஒருவனுடைய பனை மற்றவனுடைய வேலிக்குள் நிற்கும். குற்றம் படங்களில் அன்று; பொருத்திய முறையிலேயே உளது. இதயத்தைப் படம்பிடிக்கும் அணு மருத்துவத்திலும் இதே குற்றம் நேர்கின்றது. அங்கே பறிபோவது பனையன்று; மனிதனின் நிம்மதி; சிலவேளை அவனது உடல்நலமுங்கூட.

இம்மருத்துவத்தில் சிறிதளவு கதிரியக்கப் பொருள் ஊசி மூலம் இரத்தத்திற் செலுத்தப்படுகின்றது. இரத்தம் நன்கு பாயும் இதயத் தசை அதனை ஏற்று ஒளிரும். பாயாத பகுதி மங்கும். ஓய்வில் எடுத்த படத்தையும் இதயம் கடுமையாக உழைக்கும்போது எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, குருதிக் குழாய் எங்கே ஒடுங்கியுள்ளது என வைத்தியர் தீர்மானிப்பர்.

ஆனால், இதயத்திலிருந்து வரும் கதிர்களை மார்பே ஓரளவு தடுத்துவிடுகின்றது. அந்த இழப்பை ஈடுசெய்ய, உடலின் அடர்த்தியைக் காட்டும் சி.ரி. படம் ஒன்றும் எடுக்கப்பட்டு, கணனியால் இரண்டும் பொருத்தப்படுகின்றன. சி.ரி. படம் சில வினாடிகளில் முடிந்துவிடும். மற்றையதோ பல நிமிடங்கள் நீடிக்கும். இதற்கிடையில் நோயாளி மூச்சு விடுகின்றான். இதயம் இடம் பெயர்கின்றது. இதயச் சுவரின் ஒரு பகுதி சி.ரி. படத்தின் நுரையீரலின் மேல் விழுந்துவிடின், அங்கே தடை சொற்பமே எனக் கணனி எண்ணிக் குறைவாகவே ஈடுசெய்யும். நல்ல இரத்தம் பாயும் சுவர் நோயுற்றதாகத் தோன்றும்!

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் லான்ஸ் கூல்ட் என்னும் இதய வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வை நோக்குக. பொசித்திரன் முறையிற் படமெடுக்கப்பட்ட 259 பேருள் 103 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 40 பேருக்கு, பொருத்தப் பிழையால் இல்லாத குறை படத்திற் தோன்றியது. சரிவரப் பொருத்தியதும் அக்குறை மறைந்தது. திருத்துவோர் இல்லாதிருந்தால் அவர்கள் கதி யாது? இல்லாத நோய்க்கு அச்சமும், செலவும், குழாய் செலுத்தும் பரிசோதனையுமன்றோ மிஞ்சியிருக்கும்!

ஆகவே கணனியை விலக்குக என்பது நம் வாதமன்று. மனிதக் கண் சலிப்புறும் இடத்தில், எண்ணற்ற நிலைகளில் படத்தை நகர்த்தியும் சுழற்றியும் சிறந்த பொருத்தத்தைத் தேட அதனால் முடிகிறது. ஆனால், தான் கண்ட பொருத்தம் மெய்யானதா என்று அது தன்னையே கேட்பதில்லை. அருகிலுள்ள கல்லீரலோ குடலோ மிகுதியாக ஒளிர்ந்தால் அதுவும் ஏமாறும். குறுக்கு விசாரணை செய்யப்படாத சாட்சியை நம்பித் தீர்ப்பளிக்கும் நீதிபதி உண்டா?

வேலைப்பளு மிகுந்த வைத்தியர் ஒவ்வொரு படத்தையும் எங்ஙனம் சரிபார்ப்பர் எனக் கேட்போர் உளர். பொருத்திய படத்தைக் கண்ணாற் காண நெடுநேரம் வேண்டியதில்லை. இத்துறை வல்லுநரின் வழிகாட்டிகளும் அச்சோதனையை வற்புறுத்துகின்றன. ஆயினும், செய்தோம் என்று வாயாற் சொல்வது போதாது. எழுத்தில் இருத்தல் வேண்டும். பொருத்தத்தைப் பரிசோதித்தவர் யார், விலகல் இருந்ததா, திருத்தப்பட்டதா என்னும் மூன்றும் அறிக்கையில் இடம்பெறல் வேண்டும். பொருத்திய படமும் கோவையிற் பேணப்படல் வேண்டும்.

உறுதி எழுதும்போது எல்லையை வாசித்துக் கேளாமல் கையொப்பமிடும் கமக்காரன் இல்லை. தன் இதயத்தைப் பற்றிய அறிக்கையைப் பெறுபவனும் கேட்கட்டும்: "ஐயா, இரு படங்களும் பொருந்தியிருந்தனவா?" அக்கேள்வி வைத்தியரை அவமதிப்பதன்று, நோயாளியின் உரிமை.