தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் போதுமா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த குடும்பங்களைக் கவனித்ததுண்டா? விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, ஹோமம், கலசாபிஷேகம், மாலை மாற்றல், ஃபோட்டோ, பந்தி என்று ஓடி, பதினொன்றரைக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் வேன் பேசியது முழு நாளைக்கு. வாடகை கொடுத்துவிட்டு சும்மா நிற்க விடலாமா? உடனே ஒரு லிஸ்ட் தயாராகும். அனந்தமங்கலம் ஆஞ்சநேயர், தரங்கம்பாடி, காரைக்கால், திருநள்ளாறு, முடிந்தால் நாகூர், வேளாங்கண்ணி.

இந்த லிஸ்ட்டில் தரங்கம்பாடிக்குக் கிடைக்கும் நேரம் எது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மதியம் கோயில் நடை எல்லாம் சாத்திவிடுவார்கள். திருநள்ளாறில் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அதுவரை எங்கேயாவது பொழுதை ஓட்ட வேண்டும். "பக்கத்துல பீச் இருக்கு சார், கோட்டையும் இருக்கு, அரை மணி நேரம் போதும்" என்பார் டிரைவர். பட்டுப்புடவையோடும் வேஷ்டியோடும் பதினெட்டுப் பேர் ஒரு மணி வெயிலில் மணலில் இறங்குவார்கள். கால் சுடும். குழந்தை அழும். "இதுல என்ன இருக்கு, ஒரு மஞ்சச் சுவர்தானே" என்று அத்தை சொல்வார். சோடா குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஊருக்குப் போய், "தரங்கம்பாடி பார்த்தாச்சு, சுமார்தான்" என்று தீர்ப்பும் சொல்வார்கள்.

இது அநியாயம். ஊருக்கு மட்டுமில்லை, அந்த வேனில் வந்த அறுபது வயதுக்காரருக்கும்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாயவரத்தில் காலேஜ் படித்தவர். அப்போதெல்லாம் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் ரயில் உண்டு. 1926ல் வந்த பாதை அது. செம்பனார்கோயில், திருக்கடையூர், பொறையாறு வழியாகப் போய்க் கடற்கரை ஊரில் முடியும். 1986ல் நிறுத்திவிட்டார்கள். கிளாஸ் கட் அடித்துவிட்டு அந்த ரயிலில் வந்து, கோட்டை நிழலில் உட்கார்ந்து வேலை பற்றியும் கல்யாணம் பற்றியும் பேசிய தலைமுறைக்குத்தான் இப்போது அறுபது நடக்கிறது. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும், மெதுவாக ராஜா வீதியில் நடக்க வேண்டும். மாப்பிள்ளை வாட்ச்சைப் பார்க்கிறார். சம்பந்தி வீட்டார் வேனில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டு முன் சீட்டில் ஏறுகிறார். விழா யாருக்காக எடுத்தார்களோ, அவருக்கு அன்று நாற்பது நிமிடம் கூடக் கிடைக்கவில்லை.

சரி, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பாடப்புத்தகத்தை விட நல்ல ஊர். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616ல் தொடங்கியது. 1620ல் ஓவே யெட்டே என்ற தளபதி தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இந்த இடத்தை வாங்கினார். வாங்கினார் என்பது கூடத் தப்பு, வாடகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு 3,111 ரூபாய் கப்பம். டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த இடத்தில் எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை. மிளகுக்காக வந்த கம்பெனி. ஆனால் வாடகை, கோட்டைச் செலவு, கப்பல் நஷ்டம் என்று எத்தனையோ வருஷம் திண்டாடியது. கடைசியில் 1845ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு கம்பெனி இடத்தை வாடகைக்கு எடுப்பதிலிருந்து சொத்தை விற்பது வரைக்கும் 225 வருஷக் கணக்கு, ஒரே தெருவில் நடந்தே பார்க்கலாம்.

அந்தத் தெருவின் மேற்கு முனையில் 1792ல் கட்டிய நகர வாசல். உள்ளே வந்தால் 1701ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். இரண்டாவதில்தான் சீகன்பால்கு புதைக்கப்பட்டார். 1706 ஜூலை 9ஆம் தேதி கப்பலை விட்டு இறங்கும்போது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. கையில் தமிழ் ஒரு எழுத்து கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி வெளிவந்தது. 1719ல், 36 வயதில் இறந்துபோனார். அவர் வந்த வேலையில் உடன்பாடு இருக்கிறதோ இல்லையோ, இருபதுகளில் இருப்பவர்கள் அந்தக் கல்லறை முன்னால் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

கடலை மட்டும் பார்க்க வந்தவர்களுக்கும் கதை இருக்கிறது. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது இந்த ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தக் கரையின் மீனவர் குப்பங்களும் தப்பவில்லை. செல்ஃபி எடுக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இதெல்லாம் நடந்தது என்று வேனில் வந்த குழந்தைகளுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல நேரம் ஏது?

(ஒரு இடைச்செருகல். "இங்கே ஓசோன் காற்று அதிகம், மூச்சை நல்லா இழுங்க" என்று பெரியப்பாக்கள் சொல்வார்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசனை ஓசோனும் கிடையாது. காற்று நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாதா!)

"தங்குவதென்றால் செலவு" என்பார்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரே நாளில் ஆறு ஊர் என்றால் டீசல், கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, வழியில் இரண்டு வேளை ஹோட்டல். லிஸ்ட்டில் நாலு ஊரை அடித்துவிட்டால் அந்தப் பணத்தில் பாதி அங்கேயே மிச்சம். பதினெட்டுப் பேரும் தங்க வேண்டும் என்று யார் சொன்னது? சம்பந்தி வீட்டாரை வேனில் அனுப்பிவிட்டு, அறுபது கொண்டாடிய தம்பதியும் பிள்ளைகளும் மட்டும் தங்கினால் இரண்டு மூன்று ரூம் போதும். சுனாமிக்குப் பிறகு பழைய வீடுகள் சிலவற்றைப் பழுதுபார்த்தார்கள். ஆனால் பகல் வேனில் வருகிறவர் அந்தத் தெருவில் விடுகிற காசு சோடாவுக்கும் சுண்டலுக்கும்தான். ராத்திரி தங்குகிறவர்தான் ரூம் வாடகை, மீன் குழம்பு, காலை இட்லி என்று ஊருக்குள் பணம் விடுகிறார். பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பதில் வருமானம் வந்தால்தான் அடுத்த வீட்டுக்காரரும் இடிக்காமல் யோசிப்பார்.

ரூம் குறைவு, சீசனில் கிடைக்காது என்பது உண்மை. முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால் ஏமாற வேண்டியதுதான். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கோட்டைப் படி கஷ்டம் என்பதும் உண்மை. அவர்கள் கீழேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், ஒன்றும் குறையாது.

கிழக்குக் கடற்கரையில் பார்க்க வேண்டிய நேரம் காலை. சூரியன் கடலிலிருந்து ஏறும்போது வெளிச்சம் நேராகக் கோட்டைச் சுவரில் விழும். மதியம் அத்தை பார்த்த அதே மஞ்சச் சுவர்தான், ஆளே மாறியிருக்கும். ஃபைபர் போட்டுகள் கரைக்கு வரும், மீன் ஏலம் போகும். மணல் சுடாது. எட்டு மணிக்குள் ராஜா வீதியை முழுக்க நடந்துவிடலாம். பிறகு ஆட்டோ பிடித்துப் பக்கத்துத் தில்லையாடிக்குப் போகலாம். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடி 1914ல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் குடும்பத்து ஊர் அது. மறு வருஷமே காந்தி அங்கே வந்து போனார். வேன் லிஸ்ட்டில் இந்தப் பெயர் எப்போதும் இருக்காது.

அந்தக் குடும்பத்தில் எழுபதுக்கு பீமரத சாந்தி என்று இன்னொரு முறை திருக்கடையூர் வருவார்கள். வேன் பேசும்போதே டிரைவரிடம் சொல்லிவிடலாம்: மதியம் தரங்கம்பாடியில் நாலு பேரை இறக்கிவிட்டு நீங்கள் கிளம்புங்கள், நாங்கள் நாளைக்கு பஸ்ஸில் வந்துகொள்கிறோம்.