பிள்ளை பிடிக்கிறவன்

அழுகிற குழந்தையை அடக்க நம் வீடுகளில் ஒரு பெயர் வழங்கி வருகிறது: பிள்ளை பிடிக்கிறவன். தாடியும் கோணிப்பையுமாக அவனைக் கற்பனை செய்துகொண்டே நாம் வளர்ந்தோம். வளர்ந்த பிறகும் அந்தப் பயம் நம்மை விட்டபாடில்லை. 2018-ஆம் வருஷம் மே மாதத்தில், திருவண்ணாமலை ஜில்லாவில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். கைப்பேசியில் பரவிய வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவளை அடித்தே கொன்றுவிட்டது.

மெய்யாகவே ஆள் பிடிக்கிறவனை எந்த ஊரும் அடிப்பதில்லை. திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து உபசரிக்கிறது. அவன் பணத்துடன் வருகிறான் அல்லவா! எந்த வீட்டில் கல்யாணக் கடன், எந்த வீட்டில் வியாதி என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்தவன். சில சமயம் உறவினனுங்கூட.

ஒடிஷாவில் பலாங்கீர் என்றொரு ஜில்லா. அங்கே 'நுவாகாய்' என்னும் புத்தரிசிப் பண்டிகை முடிந்ததும் 'சர்தார்' எனப்படும் தரகர்கள் முன்பணத்துடன் கிராமங்களில் நுழைகிறார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் ஒரு குழந்தை. இது ஒரு 'பதூரியா'. இந்தக் கணக்கில்தான் முன்பணம் பேசப்படுகிறது. குழந்தையும் விலைக்குள் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். ரயிலேறும் இக்குடும்பங்கள் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நம் திருவள்ளூர் ஜில்லாவிலும் உள்ள செங்கற் சூளைகளில் இறங்குகின்றன. சாப்பாட்டுக்கென்று வாரத்துக்குக் கொஞ்சம் கைக்கு வரும். மற்றது கணக்கில் கழியும். கணக்குப் புஸ்தகமோ முதலாளியிடம். பருவம் முடிந்து பார்த்தால் பலருக்குக் கடனே மிச்சம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் கண்ட 'துண்டு' முறையும் இந்த ஜாதிதான். தொழிலாளியின் கடன் ஒரு சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கு ஆள் மாறிவிடுவான். 1921-ஆம் வருஷத்துச் சட்டம் அந்தச் சீட்டை ஒழித்தது.

நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் ஷரத்து மனித வியாபாரத்தைத் தடுக்கிறது. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனையே ரத்துச் செய்துவிட்டது. "வாங்கின பணத்தைத் திருப்பித் தரவேண்டாமா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். வேண்டாம், ஐயா! அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். அது கொத்தடிமைக் கடன் அல்லவென்று நிரூபிக்கும் பாரமும் கொடுத்தவன் தலையிலேயே இருக்கிறது. இந்த ஒரு செய்தியைச் சூளைக்குப் போகிறவர்கள் காதில் போட்டாலே பாதிச் சங்கிலி கழன்றுவிடும்.

ஜில்லாதோறும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். சமூக ஊழியர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாருக்கும் அதில் இடமுண்டு. உங்கள் ஜில்லாக் குழு கடைசியாக எப்போது கூடிற்று என்று கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். தரகனிடம் கேட்க வேண்டியவற்றை ஊர்ச் சாவடியிலேயே, பலர் முன்னிலையில் கேட்கலாம்: எந்தச் சூளை, முதலாளி யார், கூலி என்ன, போன வருஷம் போனவர்கள் எங்கே? யோக்கியன் பதில் சொல்வான்.

சூளை தூரத்தில் இருக்கிறது. நம் சமையலறை அப்படியல்ல. 14 வயது நிறையாத குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. "சொந்தப் பெண்ணைப் போல வைத்திருக்கிறோம்" என்பார்கள். சொந்தப் பெண் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் இவள் பாத்திரம் துலக்குகிறாள். இவளுடைய சம்பளம் யார் கைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அழைத்து வந்தவர் கைக்கு என்றால், திண்ணையில் மோர் குடித்தவன் யாரென்று தெரிந்துவிடும். அண்டை வீட்டாருடன் மனஸ்தாபம் வருமே என்றால், வரத்தான் வரும். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற டெலிபோன் இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது, கட்டணம் கிடையாது.